நாற்சந்தியில் நின்ற டேங்கர்

டிப்போவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு தலையசைப்பு, கேட்காத கேள்விக்கு அதுவும் கிடையாது. "வண்டிக்கு முன்னாடி ஒரு சைலன்சர், ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ஒரு சைலன்சர்" என்று கேட்டில் நிற்கும் காவலாளி ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் அவரே சிரித்துக்கொள்வார். பெட்ரோல் டேங்கரில் புகைக்குழாயை முன்பக்கமாகத்தான் வைப்பார்கள். பொறி கிறி பறந்தாலும் பின்னால் இருக்கும் சரக்குப் பக்கம் போகக்கூடாது. அந்த மனிதரிடமிருந்தும் பொறி பறந்து யாரும் பார்த்ததில்லை.

டேங்கர் ஓட்டுகிறவர் வீட்டில் பெட்ரோல் விலையைப் பற்றி என்ன கவலை என்று அக்கம்பக்கத்தில் ஓர் எண்ணம். "உங்களுக்கென்ன, கடலுக்குள்ளயே குடித்தனம்" என்று மாடி வீட்டுக்காரர் சொல்வார். அந்தக் கடலில் ஒரு சொட்டு அவருக்குச் சொந்தமில்லை. விலை ஏறியபோதெல்லாம் டேங்கரின் முதலாளியான காண்ட்ராக்டர் எதையாவது நிறுத்தினார். முதலில் கிளீனரை நிறுத்தினார். அப்புறம் சாப்பாட்டுப் படியை. அப்புறம் லீவை. சைலன்சரின் பழைய மோட்டார் சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே ஈரத்துணி காயப்போடும் இடமாகிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. நகரத்துக்கே பெட்ரோல் கொண்டுவருகிறவர் வேலைக்கு நடந்து போனார்.

அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டினான். பெற்றவர்கள் போனபின் அக்காதான் அவனை வளர்த்தாள். கல்யாணத்தின்போது சீர் சாமான்களோடு அவனும் வந்து சேர்ந்தான் என்று சைலன்சர் ஒருமுறை சொன்னாராம். அதுவரை அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான் என்பதால் வீட்டில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவருக்கு நேர் எதிர் அவன். நின்றால் பேச்சு, உட்கார்ந்தால் பேச்சு. வேன் ஓட்டுநர் சங்கத்துக்குச் செயலாளராக அவனைப் போட்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

மறுநாளிலிருந்து எரிபொருளுக்குப் புதிதாக ஒரு வரி என்று அறிவிப்பு வந்த சாயங்காலம், அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"மாமா, நாளைக்கு வண்டிய எடுக்காதீங்க. ஊரே ரோட்டுல உக்காரப் போகுது."

"லோடு இருக்கு."

"என்னைக்குத்தான் லோடு இல்ல? காய்ச்சல்னு சொல்லுங்க."

"காய்ச்சலையும் நிறுத்தியாச்சு."

சமையலறையிலிருந்து அக்கா சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. "ஒரு லிட்டர் போட்டா அரை லிட்டர் வண்டிக்கு, அரை லிட்டர் அரசாங்கத்துக்கு. நான் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறேனா, மந்திரிய ஏத்திட்டுப் போறேனானே தெரியல. வேன் வாடகைய ஏத்துனா அம்மாக்காரங்க பிள்ளைய நடக்க விட்டுடறாங்க. ஏத்தலைன்னா நான் நடக்கணும். சொல்லுங்க, நான் என்னதான் பண்றது?"

சைலன்சர் சோற்றைப் பிசைந்தார். தான் போகாவிட்டால் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போடுவார், அந்த ஆள் அப்புறம் இறங்கமாட்டான். மைத்துனனுக்கும் இது தெரியும்.

அக்கா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் ரோட்டுல எதிரும் புதிருமா நிக்கிற மாதிரி வச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு கண்ணும் வேணும்."

மறுநாள் அப்படித்தான் நின்றார்கள்.

டிப்போவில் சரக்கு ஏற்றி, மூடிகளுக்கும் வால்வுகளுக்கும் சீல் வைத்து, சைலன்சர் வெளியே வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கனரக வண்டிகளுக்கு அனுமதியுள்ள சாலை ஒன்றே ஒன்றுதான், அது நாற்சந்தி வழியாகத்தான் போகும். சந்திக்குச் சற்று முன்பே கூட்டம் தெரிந்தது. பிரேக்கை மிதித்தார். பின்னால் ஒரு பேருந்து வந்து ஒட்டி நின்றது. அதன் பின்னால் சிமெண்ட் லாரி, அதன் பின்னால் கார்கள். இடதுபக்கம் சாக்கடைச் சுவர், வலதுபக்கம் சாலை நடுவே கான்கிரீட் தடுப்பு. பின்னோக்கி எடுக்கலாமா என்று கண்ணாடியில் பார்த்தார். பேருந்தின் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

கூட்டம் டேங்கரைப் பார்த்ததும் ஒரு சத்தம் எழுந்தது. கல்யாண ஊர்வலம் வந்துவிட்டதுபோல அப்படி ஒரு ஆரவாரம்.

"வாங்க ராஜா வாங்க! உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்!"

"அண்ணே, ஒரு டம்ளர் ஊத்துங்கண்ணே, முகத்தையாவது கழுவிக்கிறேன்!"

முதலில் எல்லாம் கேலிதான். ஆட்டோக்காரர்கள், மீன் கூடைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பள்ளிக்கூட வேன்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண்கள். சைலன்சர் இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றினார். தெரிந்த முகங்கள்கூட இருந்தன. அவர் தெருவில் காய்கறி வண்டி தள்ளுகிறவன், தன்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லையோ என்று கையை ஆட்டினான். அவரும் ஒப்புக்குக் கையை ஆட்டினார்.

பசைவாளியோடு வந்த இரண்டு பேர் முன்கண்ணாடியில் போஸ்டர் ஒட்ட ஆரம்பித்தார்கள். வரியைத் திரும்பப் பெறு என்று பெரிய எழுத்தில். ஒன்று ஒட்டினார்கள், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் பக்கக் கண்ணாடிகளிலும். உள்ளேயிருந்து பார்க்க எழுத்துகள் இடவலமாகத் தெரிந்தன. கேபின் மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கை அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் மிஞ்சியது. பசையின் புளித்த வாடை. விசிறி இல்லை, காற்று இல்லை. வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று இனிமேல் காதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஃபோன் அடித்தது. காண்ட்ராக்டர்.

"டிவியில நம்ம வண்டியக் காட்டறான். கீழ இறங்கிடாத. வண்டிய விட்டு நீ ஒரு அடி நகர்ந்தாலும் சரக்குக்கு நீதான் பொறுப்பு. சீல் உடைஞ்சா உன் தலை. கேட்டுச்சா?"

"ம்."

"ம்மா? தெளிவாச் சொல்லு."

"கேட்டுச்சு."

கொஞ்ச நேரத்தில் கதவை யாரோ தடியால் தட்டினார்கள். மிஞ்சியிருந்த அந்த ஒரு கை அகலத்தில் ஓர் இன்ஸ்பெக்டரின் தொப்பி தெரிந்தது. சைலன்சர் கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணி மெதுவா எடு."

"ஆளுங்க நிக்கிறாங்க சார்."

"வண்டி நகர்ந்தா விலகுவாங்க. மனுஷன்தானே, உயிர் மேல ஆசை இருக்காதா?"

"முன்னாடி உக்காந்திருக்காங்க சார். எனக்கு ரோடே தெரியல."

"நான் வழி சொல்றேன், நீ எடு. மேலிடத்திலருந்து உத்தரவு. இந்த வண்டி இங்க நிக்கக் கூடாது. பத்து நிமிஷம் டைம். அதுக்கப்புறம் நீயும் அவங்களோட சேர்ந்தவன்னுதான் நான் எடுத்துக்குவேன்."

தொப்பி கூட்டத்துக்குள் மறைந்தது. சைலன்சர் கண்ணாடியை மறுபடி ஏற்றிவிட்டுச் சாவியைப் பார்த்தார். அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திருகினால் வண்டி முன்னே போகும். முன்னே தரையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. காய்கறி வண்டிக்காரனாக இருக்கலாம். இடுப்புக் குழந்தைக்காரியாக இருக்கலாம்.

அப்போது பின்னாலிருந்து 'ணங்' என்று ஒரு சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு பட்ட சத்தம்.

பக்கக் கண்ணாடியில் போஸ்டர் கொஞ்சம் கிழிந்திருந்த ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் கேன்களோடு ஒரு கும்பல் வால்வுப் பக்கம் குனிந்திருந்தது. ஒருவன் கையில் பெரிய ஸ்பானர். "நம்ம காசுல வாங்கினதுதானே, பங்கு போட்டுக்கலாம்" என்று யாரோ கத்தினார்கள். கொஞ்சம் தள்ளி, இதற்கெல்லாம் சம்பந்தமில்லாதவன்போல ஒருத்தன் பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான்.

சைலன்சர் கதவைத் தள்ளினார். ஆட்கள் நெருக்கி நின்றதால் கதவு திறக்கவில்லை. மறுபக்கக் கதவும் அப்படியே. கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, "பத்த வைக்காத! பீடியப் பத்த வைக்காதடா!" என்று கத்தினார். அவருடைய தொண்டையிலிருந்து இவ்வளவு சத்தம் வரும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தம் பத்தோடு பதினொன்றாகிவிட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மைத்துனன் வந்தான். கழுத்தில் ஒலிபெருக்கி தொங்கியது, தொண்டை கட்டியிருந்தது. பீடிக்காரன் கையிலிருந்ததைத் தட்டிவிட்டு, படியில் தொற்றி ஏறி ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் வியர்வை.

"நேத்தே சொன்னேன்ல மாமா."

"பின்னாடி பாரு. திறந்தாங்கன்னா ஒருத்தனும் வீட்டுக்குப் போகமாட்டான்."

"பாத்துட்டுத்தான் வர்றேன். அவனுங்க யாருன்னே தெரியல. என் பேச்சக் கேக்க மாட்டேங்கறானுங்க." இவ்வளவு கூட்டத்தை அவன் கூட்டவில்லை, அது தானாகக் கூடிவிட்டது என்று அப்போதுதான் சைலன்சருக்குப் புரிந்தது. "மாமா, சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"வண்டி நம்ம கையில இருக்குன்னு காட்டணும். அரசாங்கம் பேச வர்ற வரைக்கும் ஒரு சொட்டுகூட யாரும் தொடக் கூடாதுன்னு சொல்றேன். சும்மா சொன்னா கேக்கமாட்டானுங்க. சாவியக் காட்டிச் சொன்னாக் கேப்பானுங்க. நம்ம பசங்கள வால்வச் சுத்தி நிக்க வைக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் எந்த நிமிஷமும் திரும்பி வருவார். வந்தால், எடு என்பார். எடுக்கமாட்டேன் என்று சொல்ல ஒரு டிரைவருக்கு எவ்வளவு தெம்பு இருக்கும்? பதறிப்போய்த் திருகிவிட்டால்? சாவி இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வண்டி முன்னேயும் போகாது, பின்னால் யாரும் கைவைக்கவும் மாட்டார்கள்.

சாவியை உருவி அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது தான் பிடித்த அதே கை என்று ஏனோ தோன்றியது.

"அக்காகிட்ட..." என்று எதையோ ஆரம்பித்தான். முடிக்காமல் குதித்துப் போனான்.

வண்டியின் முன்மூக்கில் ஏறி அவன் சாவியைத் தூக்கிக் காட்டியபோது எழுந்த கூச்சலில் போஸ்டர் ஒட்டிய கண்ணாடியே அதிர்ந்தது. சொன்னபடி வேன்காரர்கள் கைகோத்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஸ்பானர்காரன் முணுமுணுத்துக்கொண்டே விலகினான். கேன்களைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேலேயே சிலர் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சைலன்சர் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் சாவித் துவாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இறங்கிப் போனார்.

பிற்பகலில் அடி விழுந்தது. முதல் விசிலிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்ட சைலன்சர் எதையும் பார்க்கவில்லை, கேட்டார். விசில் சத்தம், ஓடும் செருப்புகள், தடி எலும்பில் படும் சத்தம், வண்டிப் பக்கவாட்டில் உடம்புகள் மோதும் சத்தம். "ஓடாதீங்க, நில்லுங்க" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் பாதியில் நின்றது. அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியும். அப்போதும் கதவு திறக்கவில்லை. வெளியே யாரோ அதில் சாய்ந்து விழுந்திருந்தார்கள். அமைதியான பிறகுதான் ஒரு கான்ஸ்டபிள் அதை இழுத்துத் திறந்தார். சாலை முழுக்க ஒற்றைச் செருப்புகள். சீல் எதுவும் உடையவில்லை.

மைத்துனனைச் சட்டைப்பையில் சாவியோடு பிடித்திருந்தார்கள்.

காவல் நிலையத்து வராந்தாவில் அவர் மனைவி நின்றிருந்தாள். வேலை செய்யும் தையற்கூடத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள், சேலையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. தம்பியைப் பார்க்க அவளை விடவில்லை. கணவனைப் பார்த்ததும் அருகில் வந்தாள். வாயைத் திறந்தாள். "நீங்க..." என்றாள். தம்பியைக் காப்பாற்றுங்கள் என்றால் இவர் வேலை போகும். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றால் அவன் போவான். அவள் அவருடைய சட்டைக் காலரை, அது சரியாகத்தான் இருந்தது, இன்னொருமுறை சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

உள்ளே இன்ஸ்பெக்டரும் காண்ட்ராக்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காண்ட்ராக்டர் இவ்வளவு அன்பாகப் பேசி சைலன்சர் கேட்டதில்லை.

"உக்காரு. நீ பயப்பட வேண்டியதே இல்ல. உன்ன மிரட்டி சாவியப் பிடுங்கிட்டான், அவ்வளவுதானே? அதச் சொல்லிக் கையெழுத்துப் போடு. நாளைக்கு வழக்கம்போல லோடு ஏத்து."

"பிடுங்கினாங்கன்னா என்ன கேஸ் சார்?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார் சைலன்சர்.

"கொள்ளை. அதுவும் எரிபொருள் வண்டி. வெளிய வர வருஷக்கணக்காகும்." இன்ஸ்பெக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "எப்படி மிரட்டினான்? கத்தி, கட்டை ஏதாவது?"

மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நாள் முழுவதும் கேபினுக்குள் இருந்ததைவிட இங்கே அவருக்கு மூச்சு முட்டியது. அங்கேயாவது கிழிந்த ஓரம் ஒன்று இருந்தது.

"மிரட்டல சார். கேட்டான், குடுத்தேன்."

காண்ட்ராக்டர் டீ கிளாஸை மேசையில் வைத்தார். "என்னய்யா உளர்றே?"

"சாவி வண்டியில இருந்தா நீங்க ஓட்டச் சொல்வீங்க. ஓட்டினா ஆளுங்க மேல ஏறணும். ஓட்டாம உக்காந்திருந்தா பின்னாடி திறந்திருப்பாங்க. அதான் குடுத்தேன். அவன் வாங்கிட்டு வண்டியக் காவல் காத்தான்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புதான். "அவன் உனக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"அப்படிப் போடு." பேனா நகர ஆரம்பித்தது. "அப்போ ரெண்டு பேரும் பேசி வச்சுப் பண்ணியிருக்கீங்க. நீ சொன்னதயே எழுதிக்கிறேன். ஒரு எழுத்துகூட மாத்தல."

அப்படித்தான் சைலன்சரும் குற்றவாளியானார். கொள்ளை வழக்கு இல்லாமல் போனது. சாலையை மறித்தது, சதி செய்தது என்று இரண்டு பேர் மேலும் வழக்கு. சைலன்சருக்கு உடனே ஜாமீன் கிடைத்தது, மைத்துனனுக்குக் கிடைக்கவில்லை. சைலன்சரின் அபாயச் சரக்கு ஓட்டும் அனுமதி ரத்தானது. காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டார். மற்ற டேங்கர் முதலாளிகளும் அவர் முகத்தைப் பார்த்ததும் வண்டி இல்லை என்றார்கள்.

அரசாங்கம் வரியைக் கொஞ்சம் குறைத்தது. மக்களின் வலி தங்களுக்குத் தெரியும் என்று மந்திரி தொலைக்காட்சியில் சொன்னார். குறைத்த அளவைக் கேட்டுவிட்டு, டீக்கடையில் ஒருவர், "இதுக்கு டீயில சக்கரையக் கொறைச்சா அதிகம் மிச்சமாகும்" என்றார்.

மைத்துனன் உள்ளே இருந்தவரை அவனுடைய வேனை சைலன்சர் ஓட்டினார். பிள்ளைகள் அவரை ஊமை அங்கிள் என்றார்கள். ஜாமீனில் அவன் வெளியே வந்தபோது அடியில் முறிந்த கை ஒன்று வளைந்து கூடியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் நன்றி சொல்வான் என்று அக்கா எதிர்பார்த்தாள்.

"யாரக் கேட்டு அப்படிச் சொன்னீங்க?" என்றான். "நான் பிடுங்கினேன்னு சொல்லியிருந்தா உங்க வேலையாவது மிஞ்சியிருக்கும். எப்படியும் நான் உள்ள போறவன்தான். இப்போ ஒரு வேன், ரெண்டு டிரைவர், ரெண்டு கேஸ். வாய்தா அன்னைக்கு வேனும் ஓடாது. உங்களுக்கு நல்லவர்னு பேரு. நான் ஆயுசுக்கும் உங்க முகத்தப் பாத்து என்ன பேசறது?"

"டேய்!" என்றாள் அக்கா.

சைலன்சருக்குச் சுருக்கென்றது. தான் செய்தது சரி என்றுதான் அவர் நினைத்திருந்தார், இப்போதும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. "நீ வருஷக்கணக்கா உள்ள இருந்தா உங்கக்கா முகத்தப் பாத்து நான் என்ன பேசறது?" என்று கேட்டார்.

அவ்வளவு பேசுகிறவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்புறம் ஏற்பாடு ஒன்று தானாக அமைந்தது. காலையில் ஒருவர் ஓட்டினார், மாலையில் மற்றவர். ஒரே சீட்டில் மாறி மாறி உட்கார்ந்தார்கள், கண்ணாடியை அவரவர் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள், பேசிக்கொண்டது குறைவு.

மழைக்காலம் முடியும் முன்பே அடுத்த அறிவிப்பு வந்தது. பழைய வரி திரும்பி வந்தது, இந்த முறை சாலைப் பராமரிப்பு என்று வேறு பெயரில். அன்று மாலை பெட்ரோல் பங்கின் வாசலிலிருந்து வரிசை தெருமுனை தாண்டி நீண்டது. விடிந்தால் விலை கூடும், அதற்குள் ஒரு டாங்க் நிரப்பிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் ஒரே யோசனை. வேனில் இருவரும் இருந்தார்கள். எரிபொருள் முள் சிவப்புக்குக் கீழே இறங்கியிருந்தது.

வரிசையில் யாரும் இன்ஜினை ஓட விடவில்லை. முன்னால் இருப்பவர் நகர்ந்தால் இறங்கித் தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டினார்கள். மைத்துனனை அடையாளம் தெரிந்த ஒருவர் வந்து ஜன்னலில் சாய்ந்தார்.

"தலைவரே, நாளைக்கு மறியல் உண்டா?"

மைத்துனன் சைலன்சரைப் பார்த்தான். ஜாமீனில் இருப்பவன் கூட்டத்தில் நின்றாலே திரும்ப உள்ளேதான். கூப்பிட்டும் போகாவிட்டால் நாளைக்கு இதே ஆட்கள் காறித் துப்புவார்கள்.

"என்ன மாமா சொல்றீங்க?" என்று கேட்டான். வெளியே வந்த நாளிலிருந்து அவன் அவரிடம் யோசனை எதையும் கேட்டதில்லை.

சைலன்சர் சாலையைப் பார்த்தார். முன்னால் வண்டிகள், பின்னால் வண்டிகள். வரிசையை விட்டு விலகலாம் என்றால் ஒரு பக்கம் நடுத்தடுப்பு, மறுபக்கம் தோண்டிப்போட்ட பள்ளம்.

"தெரியல" என்றார்.

முன்னால் இருந்த கார் ஒரு வண்டி நீளம் நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். சைலன்சர் இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கதவுச் சட்டத்தில் கொடுத்தார். மைத்துனன் பின்னால் போய் நல்ல கையையும் வளைந்த கையையும் வைத்துத் தள்ளினான். வேன் முனகிக்கொண்டு நகர்ந்தது. காருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இருவரும் மூச்சு வாங்க அப்படியே நின்றார்கள்.